நட்சத்திரக் குறியின் நயம்

ஒரு ஃபோல்டரில் நூற்றுக்கணக்கான படங்கள். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் ஷெல்லில் மூன்று வரி எழுதினால் நொடியில் முடிந்துவிடும். அந்த வேகத்தைவிட, எழுதுமுன் செய்யவேண்டிய யோசனைதான் எனக்குப் பிடித்தது. பெயர்களில் எது நிலையானது, எது மாறுவது என்று கண் தேடத் தொடங்குகிறது.

மாறும் இடத்தில் நட்சத்திரக் குறி வைத்தால் எத்தனை எழுத்தும் பொருந்தும்; கேள்விக்குறி வைத்தால் ஒரே ஓர் எழுத்து. 1971-இல் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பிலேயே இவை வந்துவிட்டன. இன்னும் நுட்பம் வேண்டுவோருக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற வடிவக் குறிமுறை இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் பிடித்த துண்டுகளை அதில் இடம் மாற்றலாம். '15-08-2023' என்பது '2023-08-15' ஆனதும் அகரவரிசையே காலவரிசையாகிவிடும். 'படம்10' என்பது 'படம்2'-க்கு முன்னால் நிற்கும் தொல்லையும், 'படம்02' என்று ஒரு பூஜ்யம் சேர்த்தால் தீரும்.

இதில் நிதானமும் வேண்டும். இரண்டு கோப்புகளுக்கு ஒரே பெயர் வந்தால், பெயர் மாற்றும் 'எம்வி' கட்டளை பழையதைச் சத்தமில்லாமல் அழித்துவிடக்கூடும். அதனால் தேர்ந்த கைகள் அந்தக் கட்டளைக்கு முன்னால், அதை இயக்காமல் எழுத்தாக மட்டும் காட்டும் 'எக்கோ'வைச் சேர்த்து, நடக்கப்போவதைத் திரையில் வாசித்த பிறகே உண்மையில் இயக்குகின்றன. கூர்ந்து பார்ப்பதையும் சரிபார்த்துச் செய்வதையும் ஒருசேரப் பழக்குவதால், கணினி கற்கத் தொடங்கும் எவருக்கும் இதையே முதல் பயிற்சியாகச் சொல்வேன்.