வண்ணம் துறந்த வானம்

கலைகளுள் இளையவற்றுள் ஒன்று புகைப்படக் கலை. ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் உள்ளது போன்ற திறனாய்வு மரபு அதற்குத் தமிழில் இன்னும் ஆழ வேரூன்றவில்லை. ‘நல்ல படம்’ என்று கூறி அடுத்த பக்கத்தைப் புரட்டுவதே நம் வழக்கம். ஆயினும் ஒரு வினா நம்மை விடுவதில்லை. நாட்காட்டியும் சுவரொட்டியும் வண்ணத்தில் குளிக்கும் காலத்தில், மலைமுகட்டில் கவிந்த கார்மேகத்தையும் கடல்மேல் திரண்ட புயலையும் காட்டும் கறுப்பு வெள்ளைப் படத்தின் முன் நாம் ஏன் நெடுநேரம் நின்றுவிடுகிறோம்?

முதல் விடை புயலிடமே இருக்கிறது. தலைநகரில் வாழும் நாம் கோடையில் எழும் ‘ஆந்தி’ என்னும் புழுதிப்புயலை அறிவோம். நண்பகல் அந்தியாகும், வேம்பின் பசுமையும் செங்கற் சுவரின் செம்மையும் ஒருங்கே மங்கும். ஒளி, இருள், உருவம் என்னும் மூன்றே எஞ்சும். வண்ணத்தை முதலில் கழிப்பது புயல். படக்கருவி அதனைப் பின்தொடர்கிறது. மலர்ச்சோலையைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பவர் பெரிதும் இழக்கிறார். புயலை எடுப்பவர் இழப்பதோ மிகச் சிறிது.

எனினும், அப்படங்களின் வானம் வெறும் பதிவு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக ஏற்றன. நிலம் சரியாகப் பதியும் வரை ஒளியைவிட்டால் வானம் வெறும் வெண்மையாகிவிடும். பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, 1857இல் சேத் நகரக் கடற்கரையில் எடுத்த ‘பேரலை’ படத்திற்குக் கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரண்டு நெகட்டிவ்களைக் கொண்டார். தொடுவானத்தில் அவற்றை இணைத்து அச்சிட்டார். மாறாக, 1882இல் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் மின்னலைப் படம் பிடித்தபோது, ஓவியர்கள் தீட்டிவந்த கோணல் கோடு பொய்யாயிற்று. மின்னல் மரவேர் போலக் கிளைப்பது புலனாயிற்று. புனைதலும் மெய்யுரைத்தலும் இக்கலையில் உடன்பிறந்தவை என்பதற்கு இவ்விரண்டு சான்றுகளே போதும்.

இவ்விரண்டையும் ஒருவரிடமே காண விழைவோர் அமெரிக்கக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸை (1902–1984) நாடலாம். இளமையில் பியானோ பயின்ற அவர், நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் அச்சுப்படியை அதன் வாசிப்புக்கும் ஒப்பிட்டார். கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட தரங்களைப் பகுத்து ஆளும் முறையொன்றை 1940ஐ ஒட்டி ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து வகுத்தார். அவருடைய ‘விலகும் பனிப்புயல்’ யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைக் காட்டுகிறது. இடப்புறம் எல் கேப்பிட்டன் பாறை; வலப்புறம் பிரைடல்வெய்ல் அருவி; கீழே பனி தூவிய காடு; நடுவே கலைந்து எழும் மேகம். அப்படத்தின் உயிர் அதன் கருமையிலும் இல்லை, வெண்மையிலும் இல்லை; இடையில் விரியும் எண்ணற்ற சாம்பல் நிறங்களில் இருக்கிறது. புயல் வந்துகொண்டிருக்கவில்லை, சென்றுகொண்டிருக்கிறது என்பதை நமக்கு உணர்த்துவன அவையே.

அவருடைய ‘ஹெர்னாண்டஸில் நிலவெழுச்சி’ நம்மைச் சற்றுத் தயங்க வைக்கிறது. 1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், நியூ மெக்சிகோவின் சிற்றூர் ஒன்றில், மறையும் கதிரொளி கல்லறைச் சிலுவைகளின் மீது விழுந்த நேரத்தில் எடுத்த படம் அது. ஒளிமானி கைக்கு அகப்படாமற் போகவே, நிலவின் ஒளியளவை நினைவிலிருந்து கொண்டு கணித்தார். தொடக்கக் காலப் படிகளில் வானம் சாம்பல் நிறமானது; அதில் மெல்லிய மேகக்கீற்றுகள் உண்டு. பிற்காலப் படிகளில் அக்கீற்றுகள் கருமையில் மூழ்கின. பெரும்புகழ் பெற்றவை பிற்காலப் படிகளே. அவற்றின் கம்பீரத்தை நாம் மறுக்கவில்லை; ஆயினும் முற்காலப் படிகளின் பக்கமே நிற்கிறோம். அந்தி என்பது பகலுமன்று, இரவுமன்று. அந்த இடைநிலையே அப்படத்தின் பொருள். வானைக் கரியாக்கியபோது மேன்மை கூடியது, அந்தி குறைந்தது.

முல்லைக்குக் காரும் மாலையும் பொழுதாக வகுத்தவர் நம் முன்னோர். புறத்து வானம் அகத்து நிலையைத் தாங்கும் என்னும் அறிவு தமிழ் மாணவனுக்குப் புதிதன்று. ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் மேகங்களைப் படமெடுத்து, பின்னர் அவற்றுக்குத் தம் உள்ளத்து நிலைகளுக்கு ‘ஈடானவை’ என்று பெயரிட்டபோது, வேறொரு வழியில் அவ்வறிவையே எய்தினார் எனலாம். அப்படங்களுட் பலவற்றில் நிலமே இல்லை; உணர்வுக்குக் களமாக மேகம் மட்டுமே போதுமானதாயிற்று.

இதற்கு வலிய மறுப்பொன்றும் உண்டு. ரகுபீர் சிங் (1942–1999) தம் ‘வண்ண ஆறு’ (1998) நூலில், இந்தியக் கண் வண்ணத்திலேயே காண்பது என்றும், கறுப்பு வெள்ளை மேலைநாட்டு மனத்தின் தனிமைக்கு உரியது என்றும் வாதிட்டார். 1967இல் பீகாரின் மோங்கீரில், மழையில் ஒருவரையொருவர் நெருங்கி நிற்கும் பெண்களை அவர் எடுத்த படத்தைக் கண்டோர் அவ்வாதத்தை எளிதில் தள்ளார். அங்கே மழை மாந்தரோடு கலந்து நிற்கிறது. நனைந்த சேலைகளின் வண்ணத்தை அகற்றினால் வாழ்வையே அகற்றியதாகும். அவர் வாதத்தில் பாதியை நாம் ஏற்கிறோம். மாந்தரை நனைக்கும் மழைக்கு வண்ணம் வேண்டும். மாந்தர் எவருமின்றி விண்ணும் மலையும் பொருதும் புயலுக்கு அது வேண்டுவதில்லை.

இன்று கைப்பேசியில் விரலால் தொட்ட மாத்திரத்தில் எவ்வண்ணப் படமும் கறுப்பு வெள்ளையாகிறது. எளிய மேகமும் ஊழிப்பெருமேகமாகக் கறுக்கிறது. வண்ணத்தைக் கழிப்பது எளிது. கழித்தபின் எஞ்சும் சாம்பலை ஆள்வதே கலை. ஆகவே, அத்தகைய படமொன்றைக் காணுங்கால் அதன் கருமையைக் கண்டு மயங்காது, இடைநிறங்களைத் தேடுவோமாக. அங்கே காற்றின் ஈரமும் பொழுதின் அளவும் தெரியுமாயின், அது புயலின் படம். தெரியாவிடின், அது இருட்டின் படமே.