மூவர்ணப் பந்து

டெர்ரி புளூட்டோவின் ‘லூஸ் பால்ஸ்’ 1990-ல் வெளிவந்த புத்தகம். உங்களுக்கு பாஸ்கெட்பாலில் ஆர்வம் இல்லையென்றாலும் படிக்கலாம். 1967-லிருந்து 1976 வரை ஒன்பதே சீசன் உயிரோடிருந்த ஏ.பி.ஏ. என்னும் அமெரிக்க லீகின் கதை. புளூட்டோ அதிகம் குறுக்கிடாமல் ஆட்டக்காரர்களையும் கோச்சுகளையும் முதலாளிகளையும் பேசவிடுகிறார். ஆளுக்கு ஆள் அளக்கிறார்கள். சுவாரஸ்யமாகவே அளக்கிறார்கள்.

என்.பி.ஏ. என்ற பெரிய கடைக்கு எதிரே கடை போட்டால் என்ன செய்வீர்கள்? பளிச்சென்று போர்டு வைப்பீர்கள். ஏ.பி.ஏ. பந்துக்கே சிவப்பு, வெள்ளை, நீலம் பூசியது. தூரத்திலிருந்து போட்டால் மூன்று பாயின்ட் என்றது (இது சொந்தச் சரக்கில்லை, 1961-ல் தொடங்கி சீக்கிரமே படுத்துவிட்ட ஏ.பி.எல்.லிடம் எடுத்தது). 1976-ல் டென்வரில், நட்சத்திர ஆட்டத்தின் இடைவேளையில் ‘ஸ்லாம் டங்க்’ போட்டி வைத்தது. ஃப்ரீ த்ரோ கோட்டருகிலிருந்து எம்பி, பந்தை வளையத்தில் திணித்து ஜெயித்தவர் ஜூலியஸ் எர்விங். எல்லாம் இருந்தும், பெரிய டி.வி. ஒப்பந்தம் மட்டும் மாட்டவில்லை.

மார்வின் பார்ன்ஸ் கதை பிரசித்தம். லூயிவிலில் 8 மணிக்குக் கிளம்பும் விமானம், இரண்டு ஊருக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் இருப்பதால், செயின்ட் லூயிஸில் 7.56-க்கே இறங்கும் என்று போட்டிருந்ததாம். கால யந்திரத்தில் எல்லாம் ஏறமாட்டேன் என்று மனுஷர் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

இந்த மாதிரிக் கதைகள்தான் புத்தகத்தின் பலம். பலவீனமும் அதுவே. படித்து முடிக்கும்போது, கோமாளித்தனத்தால் செத்த லீக் என்று தோன்றிவிடுகிறது. 2008-ல் வந்த ‘செமி-ப்ரோ’ சினிமா அதை முழுநீளக் காமெடியாகவே ஆக்கிவிட்டது.

கணக்கைப் பார்த்தால் சிரிப்பு குறைகிறது. 1976 இணைப்பில் நான்கு டீம்களை மட்டும் என்.பி.ஏ. சேர்த்துக்கொண்டது. நுழைவுக் கட்டணம் தலா 32 லட்சம் டாலர். அதுபோக நியூயார்க் நெட்ஸ், பக்கத்து நிக்ஸுக்கு 48 லட்சம் தர வேண்டியிருந்ததால் எர்விங்கையே விற்றது. சேர்க்கப்படாத செயின்ட் லூயிஸ் டீமின் முதலாளிகளான சில்னா சகோதரர்கள் கெட்டிக்காரர்கள். 22 லட்சத்தோடு, அந்த நான்கு டீம்களின் டி.வி. வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு, என்றென்றைக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதில் பெரும்பகுதியைக் கழற்றிவிட 2014-ல் என்.பி.ஏ. 50 கோடி டாலர் கொடுக்க வேண்டிவந்தது.

ஓடி, எம்பி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர்கள்? என்.பி.ஏ. பென்ஷனுக்குத் தகுதி பெறாத பழைய ஆட்டக்காரர்கள் சுமார் 115 பேருக்குப் பணம் தர 2022-ல்தான் ஒப்புக்கொண்டார்கள். மொத்தம் 2.45 கோடி டாலர். அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

1990-ல் எழுதிய புத்தகத்தை 2022-க்காகக் குறை சொல்வது நியாயமில்லைதான். ஆனால் முதலாளியும் ஆட்டக்காரரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பழங்கதை பேசினால், யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற கேள்வி அமுங்கிப்போகிறது.

என்.பி.ஏ. 1979-ல் மூன்று பாயின்ட்டை எடுத்துக்கொண்டது. 1984-ல் டங்க் போட்டியையும். மூவர்ணப் பந்தை மட்டும் வேண்டாம் என்றுவிட்டது. ‘லூஸ் பால்ஸ்’ அவசியம் படியுங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், அந்த 50-ஐயும் 2.45-ஐயும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.