கன்றில் தெரியும் கை

காங்கேயம் மாட்டின் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாத வாக்கில் செம்மை கரைந்து மயிலை எனப்படும் சாம்பல் நிறம் ஏறும். சந்தையில் எல்லோரும் பார்ப்பது அதற்குப் பிறகு வரும் திமிலையும் கொம்பையும்தான். எனக்கோ அந்த முதல் ஆறு மாதக் கன்றைப் பார்ப்பதில்தான் ருசி. காளையின் அழகில் பெரும்பங்கு வம்சம் தந்தது. கன்றில் தெரிவது வளர்த்தவரின் கை: எப்போது கொடுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அறிந்த கை.

மாடு ஈன்றதும் தாய் கன்றை நக்கத் தொடங்கும். நல்ல வளர்ப்பாளர் கன்றின் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்துவிட்டு, தொப்புள்கொடியை நறுக்கி டிங்சர் அயோடின் வைத்துவிட்டு, விலகி நிற்பார். ஈரத்தை உலர்த்துவதும் உடம்பில் சூடேற்றுவதும் அந்தச் சொரசொரப்பான நாக்கின் வேலை. மனிதர் அவசரம் காட்ட வேண்டியது சீம்பாலில் மட்டும். மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்பு சக்தி கன்றுக்குப் போவதில்லை. கருப்பையில் கிடைக்காதது முழுவதும் சீம்பாலில்தான் வருகிறது. அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய அற்றுப்போகும். ஆகவே முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும். இருபது கிலோ கன்று என்றால் அன்று முழுவதற்கும் 2 லிட்டராவது உள்ளே போக வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை ஊட்ட விடுவது என்ற வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மரபின் பெயரால் அதை என்னால் ஏற்க முடியாது. கன்றுக்கு அது நேர் கெடுதல்.

கன்று ஊட்டும் கோலத்தை நின்று பார்க்க வேண்டும். கழுத்தை நீட்டி, முகவாயை மேலே தூக்கி, வால் துடிக்க, மடியை முட்டி முட்டிக் குடிக்கும். அந்த முட்டுக்குத்தான் தாய் பாலை இறக்குகிறது. கன்று இல்லாவிட்டால் நாட்டு மாடு பாலை அடக்கிக்கொள்ளும். கன்றின் நாலு வயிறுகளில் முதல் வயிறு அப்போது சிறியது, வேலை செய்யாதது. காம்பைச் சப்பும்போது உணவுக்குழாய் முடியும் இடத்தில் ஒரு மடிப்பு மூடிக் குழாயாகி, பாலை நேராக நாலாவது வயிற்றுக்குக் கொண்டுபோகிறது. வாளியில் தலையைக் கவிழ்த்து அள்ளி விழுங்கும் கன்றுக்கு அந்த மடிப்பு சரியாக மூடாமல் போகலாம். முதல் வயிற்றுக்குள் சிந்திய பால் அங்கேயே புளித்துக் கழிச்சலைக் கொண்டுவரும்.

காங்கேயம் அதிகம் கறக்கும் மாடல்ல. உழவுக்கும் வண்டிக்கும் வளர்ந்த இனம். அதனாலேயே இங்கே கன்றின் பங்கை யாரும் எளிதில் பறிப்பதில்லை. ஒரு காம்பை முழுதாகக் கன்றுக்கு விடுபவர்கள் உண்டு. கறந்து முடிந்ததும் கடைசிப் பாலைக் கன்றுக்கு விடுபவர்களும் உண்டு. கறவையின் கடைசியில் வருவதுதான் கொழுப்பு மிகுந்த பால். அதை ஒட்டக் கறந்துவிட்டு வற்றிய மடியில் கன்றை விடும் இடத்தில் நான் அதிக நேரம் நிற்பதில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து கை வேறு வேலைக்கு வருகிறது. கொஞ்சம் உடைத்த தானியமும் புண்ணாக்கும் தவிடும் கலந்த தீவனம், ஒரு பிடி மெல்லிய உலர்புல், பக்கத்தில் நல்ல தண்ணீர். பால் மட்டும் குடித்தால் முதல் வயிறு வளராது. தானியம் உள்ளே புளிக்கும்போது உண்டாகும் அமிலங்கள்தான் அதன் உட்சுவரில் சிறு நீட்சிகளை வளர்க்கின்றன. கன்று முதன்முதலாக அசைபோடுவதைப் பார்த்த வளர்ப்பாளரின் முகத்தில் வரும் நிறைவு எனக்குப் பிடிக்கும். மண் தின்னும் கன்றுக்கு வாய்க்கூடை கட்டுவார்கள். தாய்ப்பால் வழியாகவே நீண்ட உருண்டைப் புழு வந்துவிடும் என்பதால், இரண்டு வாரம் ஆவதற்குள் கால்நடை மருத்துவரைக் கேட்டு பூச்சி மருந்து கொடுத்துவிடுவார்கள்.

பிறகு கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். கிளுவை உயிர்வேலி, கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல் மரம். தாயோடு நடந்து, புல்லை நுனி நுனியாகக் கடித்து, கோடையில் உதிர்ந்த வெள்வேல் நெற்றைப் பொறுக்கித் தின்று, கன்று தன் கால்களையும் தாடையையும் ஒன்றாகப் பழக்குகிறது. கட்டுத்தறியிலேயே வளர்ந்த கன்றுக்கு அந்த நடை வருவதில்லை.

சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்குப் போனால் நான் முதலில் தேடுவது தாயின் விலாவோடு நிற்கும் கன்றுகளை. முடி படிந்து மின்னுகிறதா, காது சுறுசுறுப்பாக இருக்கிறதா, மூக்கு ஈரமா, கழுத்துத் தோலை இழுத்து விட்டால் உடனே படிகிறதா என்று பார்ப்பேன். வயிறு பானைபோல் தொங்கி முதுகெலும்பு தெரிந்தால், பாலைக் குறைத்துப் புல்லை அவசரமாகத் திணித்திருக்கிறார்கள் அல்லது புழு இருக்கிறது. வாலடி உலர்ந்து சுத்தமாக இருந்தால் கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்று நிமிர்ந்து பார்ப்பேன். பெரும்பாலும் வீட்டுப் பெண்தான் வளர்த்திருப்பார். கயிறு ஆணின் கையில் இருக்கும். விலை பேசும்போது அந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.