உடைமையும் உரிமமும்: கன்சோல் விளையாட்டுச் சேகரிப்பில் பனுவலின் நிலைபேறு

ஆய்வுச் சுருக்கம்

கன்சோல் விளையாட்டுகளை வட்டு, கேட்ரிட்ஜ் ஆகிய பருவடிவில் வாங்கிச் சேர்ப்பதா, இணையக் கடைகளிலிருந்து எண்ணிம வடிவில் பதிவிறக்கிக் கொள்வதா என்னும் விவாதம் பெரும்பாலும் பழம்பொருட் பற்று, வசதி ஆகிய இரண்டு கருத்துகளுக்குள் முடங்கிவிடுகிறது. இக்கட்டுரை அதனைப் பனுவலின் நிலைபேறு பற்றிய சிக்கலாகக் கொண்டு ஆராய்கிறது. பருவடிவம், எண்ணிம வடிவம் என்னும் எதிர்நிலை இச்சிக்கலை விளக்கப் போதுமானதன்று என்பதும், ஒரு விளையாட்டைப் பிறர் அனுமதியின்றி மீண்டும் ஆட இயலுமா என்பதே உரிய அளவுகோல் என்பதும் இதன் கருதுகோள்களாகும்.

குறிச்சொற்கள்: காணொளி விளையாட்டு, கன்சோல், சேகரிப்பு, பருவடிவம், எண்ணிம வடிவம், பாடவேறுபாடு, உரிமம்.

முன்னுரை

ஓர் இலக்கியப் படைப்பைத் திறனாய்வு செய்வோர் எந்தப் பதிப்பைக் கையாண்டனர் என்பதைத் தெரிவிப்பது ஆய்வு மரபு. படிப்போர் அப்பதிப்பைத் தேடி எடுத்து, சொல்லப்பட்ட கருத்து சரிதானா என்று ஒப்புநோக்க இயலும் என்பதே அம்மரபின் அடிப்படை. காணொளி விளையாட்டு ஒரு கலைவடிவமாக ஏற்கப்பட்டு, பல்கலைக்கழகங்களில் ஆராயப்படும் இக்காலத்தில் அதே வினா அங்கும் எழுகிறது. ஆராயப்பட்ட விளையாட்டைப் பத்து ஆண்டுகளுக்குப் பின் மற்றோர் ஆய்வாளர் எடுத்து ஆடிப் பார்க்க இயலுமா?

காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் விலைக்குக் கிடைப்பதில்லை எனக் கண்டறிந்தது. கிடைக்காதவற்றை ஆட விரும்புவோருக்கு எஞ்சியிருப்பவை பழைய பொருட்களைத் தேடிப் பிடிப்பது, காப்பகத்திற்கு நேரில் செல்வது, உரிமம் பெறாத படிகளை நாடுவது என்னும் வழிகளே. இச்சூழலில் தனியாட்களின் அலமாரிகள் ஆவணக் காப்பகத்தின் பணியைச் செய்யத் தொடங்கியுள்ளன. எனவே சேகரிப்பைத் தனிப்பட்ட விருப்பம் என்று ஒதுக்கிவிட இயலாது.

1. வடிவமும் பாடவேறுபாடும்

ஒரே விளையாட்டு வெவ்வேறு ஊடகங்களில் வெளியாகும்போது பனுவலும் மாறுகிறது. இதற்குச் சிறந்த சான்று நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’. இது 1986 பிப்ரவரியில் ஜப்பானில் ஃபேமிகாம் கன்சோலின் துணைக்கருவியான வட்டியக்கிக்குரிய காந்தவட்டாக வெளிவந்தது. 1987இல் அமெரிக்காவில் வெளியானபோது அது கேட்ரிட்ஜ் வடிவம் பெற்றது. ஜப்பானிய வட்டியக்கி தந்த கூடுதல் ஒலித்தடம் அமெரிக்கப் பதிப்பில் இல்லை. ஆகவே இசையும் ஓசைகளும் வேறுபட்டன.

இதனினும் நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. இவ்விளையாட்டில் ‘போல்ஸ் வாய்ஸ்’ என்னும் நீண்ட காதுடைய எதிரி உரத்த ஒலியை வெறுப்பது என்று கையேடு கூறுகிறது. ஃபேமிகாமின் இரண்டாம் கைப்பிடியில் ஒலிவாங்கி இருந்தது. ஜப்பானிய ஆட்டக்காரர் அதில் கூவி அவ்வெதிரியை வீழ்த்தலாம். அமெரிக்கக் கன்சோலில் ஒலிவாங்கி இல்லை. அங்கு அவ்வெதிரி அம்புக்கு வீழுமாறு மாற்றப்பட்டபோதும், ஒலியை வெறுக்கும் என்னும் கையேட்டுக் குறிப்பு மட்டும் நீடித்தது. அமெரிக்க ஆட்டக்காரருக்கு அது பொருள் விளங்காத குறிப்பாயிற்று. ஜப்பானிய வட்டையும் கைப்பிடியையும் அறியாத ஒருவர் அமெரிக்கப் பதிப்பை மட்டும் கொண்டு இவ்வரிக்கு உரை காண முயன்றால் பிழைபட நேரும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்த பதிப்பாசிரியர்களுக்கு இந்நிலை புதிதன்று. விளையாட்டைப் பொறுத்தவரை வட்டு, கன்சோல், கைப்பிடி, கையேடு ஆகிய அனைத்தும் சேர்ந்தே சான்றுப்படியாக அமைகின்றன.

பருவடிவமும் அழிவுக்கு அப்பாற்பட்டதன்று. அமெரிக்கச் செல்டா கேட்ரிட்ஜ் ஆட்ட நிலையைச் சேமிக்க உள்ளே ஒரு சிறு மின்கலத்தைச் சார்ந்திருந்தது. அது தீர்ந்தால் சேமித்த ஆட்டம் மறையும். ஆயினும் மின்கலத்தை மாற்ற இயலும். அதற்கு வெளியீட்டாளரின் இசைவு வேண்டியதில்லை. இவ்வேறுபாடு பின்வரும் சான்றுகளோடு ஒப்பிடத்தக்கது.

2. வானலையில் வந்த பனுவல்

எண்ணிம விநியோகம் இணையத்தோடு பிறந்தது என்னும் கருத்து பொதுவாக நிலவுகிறது. நிண்டெண்டோ 1995 ஏப்ரலில் ஜப்பானில் தொடங்கிய ‘சாட்டிலாவியூ’ சேவை இக்கருத்தைத் திருத்துகிறது. சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுடன் இணைக்கப்பட்ட இக்கருவி, செயற்கைக்கோள் ஒலிபரப்பின் வழியே விளையாட்டுகளைப் பெற்றது. அச்சேவை 2000 ஜூன் மாதத்தில் முடிவுற்றது.

இச்சேவையில் 1995 ஆகஸ்டில் ஒலிபரப்பான செல்டா விளையாட்டைக் குறித்த நேரத்தில் மட்டுமே முழுமையாக ஆட முடிந்தது. கதை சொல்லும் குரலும் குறிப்புகளும் அதே நேரத்தில் வானொலியைப் போல ஒலித்தன. விளையாட்டின் தரவை நினைவுப் பேழையில் சேமிக்கலாம். குரலைச் சேமிக்க வழியில்லை. ஒலிபரப்பு நின்றதும் பனுவலின் ஒரு பாதி காற்றோடு கலந்தது.

இன்று இவ்விளையாட்டுகளைப் பற்றி அறிய முடிவதற்குப் பெரிதும் காரணம் சேகரிப்பாளர்களே. பழைய பொருட்சந்தையில் நினைவுப் பேழைகளை வாங்கி, அவற்றில் எஞ்சியிருந்த தரவைப் படியெடுத்தனர். அக்காலத்தில் பதிவு செய்யப்பட்ட ஒளிநாடாக்களின் துணையால் குரற்பகுதியை மீட்டமைக்க முயன்றனர். எண்ணிம வடிவில் வந்த பனுவல் ஒன்று, யாரோ தம் அலமாரியில் வைத்திருந்த நெகிழிப் பேழையால் தப்பியது. பருவடிவமும் எண்ணிம வடிவமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இது தொடக்கச் சான்றாகும்.

3. நீக்கப்பட்ட பனுவல்

ஹிடேயோ கோஜிமா இயக்கிய ‘பி.டி.’ 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4 கன்சோலுக்கு இணையக் கடையில் இலவசமாக வெளியானது. கில்லெர்மோ டெல் டோரோவுடன் அவர் உருவாக்கவிருந்த ‘சைலண்ட் ஹில்ஸ்’ விளையாட்டின் முன்னோட்டமாக அது அமைந்தது. 2015 ஏப்ரலில் முதன்மைத் திட்டம் கைவிடப்பட்டது. முன்னோட்டமும் கடையிலிருந்து நீக்கப்பட்டது. முன்பே பதிவிறக்கியவரும் அதனை அழித்துவிட்டால் மீண்டும் பெற வழியில்லாமற் போயிற்று. வட்டு வடிவம் இதற்கு என்றும் இருந்ததில்லை. ஆகவே அது நிறுவப்பட்டிருந்த பழைய கன்சோல்களே அரும்படிகளாகி உயர்விலைக்கு விற்கப்பட்டன.

இவ்விளையாட்டின் அமைப்பு கருதத்தக்கது. ஆட்டக்காரர் ஒரு வீட்டின் வளைந்த நடைக்கூடத்தைக் கடந்து கதவைத் திறக்கிறார். அது அதே நடைக்கூடத்தின் தொடக்கத்திற்கே இட்டுச்செல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒளி, ஒலி, பொருள் என ஏதேனும் ஒன்று சிறிது மாறியிருக்கும். அச்சம் இங்குப் பழகிய இடத்திற்குத் திரும்பி வருவதில்தான் பிறக்கிறது. திரும்பி வருதலையே அழகியலாகக் கொண்ட ஒரு பனுவலுக்குத் திரும்பிச் செல்லும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. பிறர் ஆடிய காணொளிப் பதிவைக் காண்பதால் இக்குறை நீங்காது. கதவைத் திறப்பதா வேண்டாவா எனக் காணொளி பார்ப்பவர் தயங்க வேண்டியதில்லை. அத்தயக்கமே இப்படைப்பின் உட்பொருள்.

4. வட்டு இருந்தும் இல்லாத விளையாட்டு

மேற்கண்ட சான்றுகளால் வட்டே பாதுகாப்பானது என முடிவு கட்டுவதும் பிழையாகும். யுபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ என்னும் கார்ப்பந்தய விளையாட்டு 2014இல் வட்டாகவும் விற்கப்பட்டது. தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும் என்பது அதன் கட்டமைப்பு. 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டன. வட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் கீறல் ஒன்றுமில்லை. ஆயினும் விளையாட்டு இல்லை. இந்நிகழ்வே, விற்ற விளையாட்டுகளை ஆட இயலாதவாறு முடக்கக் கூடாது எனக் கோரும் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் தோன்றக் காரணமாயிற்று. அதன் கோரிக்கைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்திற்கும் மேற்பட்ட கையொப்பங்கள் 2025இல் திரண்டன.

வட்டில் உள்ள பனுவலும் ஆடப்படும் பனுவலும் ஒன்றே எனவும் கொள்ள இயலாது. 2016இல் வெளியான ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டின் வட்டு, தனிமையில் கோள்களைத் தேடித் திரியும் ஓர் ஆட்டத்தைக் கொண்டிருந்தது. 2018ஆம் ஆண்டுப் புதுப்பிப்பு அதனைப் பலர் கூடி ஆடும் உலகமாக மாற்றியது. முதற்பாடத்தை ஆராய விரும்புவோர்க்குப் பழைய வட்டு இன்றியமையாதது. பிற்பாடத்தை ஆராய்வோர்க்கு அவ்வட்டு மட்டும் போதாது.

2025 ஜூனில் வெளியான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலுக்குரிய ‘கேம் கீ கார்டு’ இம்மாற்றத்தின் அடுத்த நிலையாகும். கடையில் பெட்டியோடு கிடைக்கும், கைமாற்றி விற்கலாம். ஆனால் அதனுள் விளையாட்டின் தரவு இல்லை. பதிவிறக்குவதற்கான திறவுகோல் மட்டுமே உண்டு. உடைமையின் தோற்றமும் உரிமத்தின் இயல்பும் ஒரே அட்டையில் கூடுகின்றன.

5. முத்திரையிட்ட பெட்டி

உரிமத்தின் நிலையின்மைக்கு நேரெதிரே சேகரிப்பாளர்களின் ஒரு போக்கு வளர்ந்துள்ளது. 2021 ஜூலையில் ஹெரிடேஜ் ஏலத்தில் ‘சூப்பர் மாரியோ 64’ விளையாட்டின் பிரிக்கப்படாத படி ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. தரச்சான்று பெற்று, ஒளிபுகும் நெகிழிக் கூட்டில் அடைக்கப்பட்ட இப்படியின் மதிப்பு அது திறக்கப்படாமையில் உள்ளது. பிரித்து ஆடினால் மதிப்பு வீழும். நீக்கப்பட்ட பதிவிறக்கமும் முத்திரையிட்ட பெட்டியும் எதிரெதிர்த் துருவங்கள் போலத் தோன்றினாலும், ஆடப்படாமை என்னும் ஒரே முடிவில் இரண்டும் சந்திக்கின்றன. ஒன்றில் பனுவல் உண்டு, நுழைவில்லை; மற்றொன்றில் நுழைவு இருந்தது, பனுவல் அகற்றப்பட்டது. நிகழ்த்தப்படாத நாடகம் ஏட்டளவிலேனும் படிக்கப்படும்; ஆடப்படாத விளையாட்டுக்கு அவ்வாய்ப்பும் இல்லை.

6. விற்பனை என்னும் சொல்

இச்சிக்கலின் சட்டப் பின்னணியும் நோக்கத்தக்கது. ஜப்பானில் பழைய விளையாட்டுகளின் மறுவிற்பனையைத் தடுக்க வெளியீட்டாளர்கள் வழக்குத் தொடுத்தனர். முதல் விற்பனையோடு அவர்தம் விநியோக உரிமை தீர்ந்துவிடுகிறது என 2002 ஏப்ரல் 25 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு கைமாறத்தக்க பொருள் இருப்பதை முன்னிறுத்தியது. பதிவிறக்கத்தில் அப்படிப்பட்ட பொருள் இல்லை. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், பெறுவது உரிமமே என்பதைத் தெளிவுறத் தெரிவிக்காமல் ‘வாங்கு’ என்னும் சொல்லை எண்ணிமக் கடைகள் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. நிரந்தரமாகப் பதிவிறக்கி இணையமின்றிப் பயன்படுத்தக்கூடியவற்றிற்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கோடு பொருளுக்கும் தரவுக்கும் இடையே செல்லவில்லை. சார்பின்மைக்கும் சார்புக்கும் இடையே செல்கிறது.

ஆய்வுலகம் இதில் வெளியே நிற்பதாகக் கருத இயலாது. சந்தையில் கிடைக்காத விளையாட்டுகளை நூலகங்களும் காப்பகங்களும் ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்தே அணுகத் தருவதற்கு விலக்கு வேண்டி அமெரிக்காவில் வைக்கப்பட்ட கோரிக்கை 2024 அக்டோபரில் ஏற்கப்படவில்லை. நேரில் செல்ல இயலாத ஆய்வாளருக்கு அப்பனுவல் மூடியே இருக்கிறது.

எண்ணிம வடிவத்தின் நன்மைகளை மறுப்பதும் நேர்மையாகாது. வட்டு அச்சிடப் பொருள்வசதி இல்லாத சிறு குழுக்களின் படைப்புகள் இணையக் கடைகளாலேயே வெளிச்சம் பெற்றன. ‘ஸ்காட் பில்கிரிம்’ விளையாட்டு 2014 டிசம்பரில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2021 ஜனவரியில் மீண்டும் வெளிவந்து, பின்னர் வட்டு வடிவமும் பெற்றது. நீக்கம் மாற்ற இயலாதது அன்று என்பதற்கு இது சான்று. ஆனால் அம்மீட்சியும் உரிமையாளரின் இசைவினால் நிகழ்ந்ததே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. விளையாட்டு ஆடப்படும்போதே முழுமையான பனுவலாகிறது. எனவே அதன் நிலைபேற்றை மீண்டும் ஆடத்தக்க தன்மையைக் கொண்டே அளவிட வேண்டும். அவ்வளவுகோலின்படி, சர்வரைச் சார்ந்த வட்டைக் காட்டிலும் இணையமின்றி இயங்கும் பதிவிறக்கம் நிலைபேறு உடையது. முத்திரை உடைக்கப்படாத பெட்டியைக் காட்டிலும் பலமுறை ஆடிக் கீறல் விழுந்த வட்டு மேலானது. சேகரிப்பின் பண்பாட்டு மதிப்பு பொருளின் அருமையில் இல்லை. அது பிறர் ஆடவும் ஒப்புநோக்கவும் இடம் தருவதில் உள்ளது. சாட்டிலாவியூ பேழைகளைப் படியெடுத்தோர் செய்தது அத்தகைய பணியாகும்.

விளையாட்டுத் திறனாய்வில் ஈடுபடுவோர் தாம் ஆடிய பதிப்பு, புதுப்பிப்பு எண், கன்சோல், ஆடிய நாள் ஆகியவற்றைக் குறிப்பிடுதல் இன்றியமையாதது. ஒரு விளையாட்டு நாளை நீக்கப்பட்டால், அதைப் பற்றிய திறனாய்வே அதன் எஞ்சிய சான்றாகிவிடும். சரிபார்க்க மூலம் இல்லாத நிலையில் அத்திறனாய்வு ஏற்கும் பொறுப்பு மிகப் பெரிது.