கற்பனை என்ற குற்றம்

பி.ஏ. படித்தபோது கோல்ரிட்ஜின் 'பயோகிராஃபியா லிடரேரியா'விலிருந்து பதிமூன்றாம் அத்தியாயத்தை மட்டும் எங்களுக்கு நடத்தினார்கள். முதல்நிலைக் கற்பனை, இரண்டாம்நிலைக் கற்பனை, ஃபேன்சி: மூன்றையும் பிரித்து எழுதினால் மார்க் நிச்சயம். மூன்று அத்தியாயம் முன்னால், அதே புத்தகத்தில், ஒரு உளவாளி பதுங்கியிருக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை.

1797ல் சாமர்ஸெட் கடலோரத்தில் கோல்ரிட்ஜும் வேர்ட்ஸ்வொர்த்தும் உலாவித் திரிந்தபோது அரசாங்கம் ஓர் ஆளைப் பின்னால் அனுப்பியது. இவர்கள் ஸ்பினோஸாவைப் பற்றிப் பேச, பெரிய மூக்குக்காரனான அவன் தன்னைத்தான் 'ஸ்பை நோஸி' என்று கேலி செய்கிறார்கள் என எண்ணிக்கொண்டானாம். வேடிக்கையான கதை. வேடிக்கையாக இருப்பதுதான் என் புகார்.

உளவாளி நிஜம். பெயர் ஜேம்ஸ் வால்ஷ். ஆகஸ்டில் அவன் அனுப்பிய கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. மூக்கு, ஸ்பினோஸா எதுவும் அவற்றில் கிடையாது. வேர்ட்ஸ்வொர்த் வீட்டில் பிரெஞ்சுக்காரர்கள் இருக்கிறார்கள் என்ற சந்தேகத்தின்பேரில் வந்தவனுக்குக் கிடைத்த பெயர் வேறு: ஜான் தெல்வால். அதற்கு முந்தைய மாதம் அங்கே விருந்தாளியாக வந்துபோனவர்.

தெல்வால் யார் என்று தெரிய லண்டன் கரஸ்பாண்டிங் சொசைட்டிக்குப் போகவேண்டும். 1792 ஜனவரியில் தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தொழிலாளி ஸ்ட்ராண்ட் பக்கத்து மதுக்கடையொன்றில் தொடங்கிய சங்கம் அது. வந்தவர்கள் ஒன்பது பேர். சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். தலைக்கு ஒரு பென்னி. கஜானாவில் 8 பென்னி. (தினமும் பேரேடு எழுதுகிறவனுக்கு இந்தத் தொடக்க இருப்பு மறப்பதில்லை.) வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு, வருஷாவருஷம் பாராளுமன்றத் தேர்தல், இவையே கோரிக்கை. 1794 மே மாதம் ஹார்டியையும் தெல்வாலையும் பிடித்தார்கள். விசாரணையின்றி அடைத்துவைக்க ஹேபியஸ் கார்ப்பஸை நிறுத்தினார்கள். கர்ப்பிணியான ஹார்டியின் மனைவி இருந்த வீட்டைக் கும்பல் தாக்கியது. ஆகஸ்டில் பிரசவத்தில் அவள் இறந்துபோனாள். ஹார்டி அப்போது சிறையில்.

குற்றச்சாட்டு ராஜத்துரோகம். 1351ம் வருஷச் சட்டத்தின் வாசகம், அரசனின் மரணத்தை 'இமாஜின்' செய்வது. பழைய அர்த்தத்தில் அது திட்டமிடுவதைக் குறித்தது. நானூற்று நாற்பது வருஷங்களில் அந்தச் சொல் நகர்ந்துவிட்டிருந்தது. சீர்திருத்த மாநாடு கூட்டினால் பாராளுமன்றம் கவிழும், அது கவிழ்ந்தால் அரசன் எதிர்ப்பான், எதிர்த்தால் சாவான் என்று அரசுத் தரப்பு வக்கீல் ஒன்பது மணி நேரம் சங்கிலி கோத்தார். அரசனின் மரணத்தை இவ்வளவு விஸ்தாரமாகக் கற்பனை செய்தது யார், ஹார்டியா, வக்கீலா? ஜான் பாரெல் 2000ல் இதைப்பற்றிப் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். ஜூரி நவம்பர் 5ம் தேதி ஹார்டியையும், டிசம்பரில் தெல்வாலையும் விடுவித்தது. கொலைமரத்துக்கு வழி அடைபட்டதும், 1795ல் ஐம்பது பேருக்குமேல் கூடும் அரசியல் கூட்டங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1799ல் சங்கமே பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டது.

ஆக, கவியின் தலையாய சக்தி என்று நாங்கள் உருப்போட்ட அதே சொல், கோல்ரிட்ஜின் இருபத்திரண்டாம் வயதில், தூக்குக்குரிய குற்றத்தின் பெயராக லண்டன் கோர்ட்டில் ஒலித்துக்கொண்டிருந்தது. அது அவர் காதில் விழாமலிருக்க நியாயமில்லை. கற்பனைக் கோட்பாட்டை இந்த வழக்கிலிருந்து வருவிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அது ஜெர்மன் தத்துவத்திலிருந்து வந்தது. ஆனால் அந்தச் சொல்லின்மேல் படிந்திருந்த பயம், பதிமூன்றாம் அத்தியாயத்துக்கு வரும்போது சுத்தமாகத் துடைக்கப்பட்டிருக்கிறது. துடைத்த துணிதான் பத்தாம் அத்தியாயத்தின் ஹாஸ்யம்.

1797ல் பயம் இருந்தது. பக்கத்திலேயே குடியேற விரும்பிய தெல்வாலுக்கு, இப்போது வரவேண்டாம் என்று கோல்ரிட்ஜ் எழுதினார். தெல்வால் வேல்ஸில் நிலத்தைக் குத்தகை எடுத்து விவசாயம் பார்க்கப் போனார், அதிலும் தேறவில்லை. கோழைத்தனம் என்று இதைச் சொல்ல எனக்கு வாயில்லை. பெண்டாட்டி, கைக்குழந்தை, அடுத்தவர் தயவில் கிடைத்த வீடு. பயந்ததைப் பயந்தேன் என்று எழுதியிருந்தால் அது எவ்வளவு பெரிய பக்கமாகியிருக்கும்!

புத்தகம் 1815லேயே பெரும்பாலும் எழுதப்பட்டுவிட்டது. வெளியானது 1817 ஜூலை. ஹேபியஸ் கார்ப்பஸ் மறுபடி நிறுத்தப்பட்டிருந்த வருஷம். அதற்கு முந்தைய மாதம்தான் ஆலிவர் என்ற அரசாங்க உளவாளி தொழிலாளிகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டியதை லீட்ஸ் பத்திரிகை அம்பலப்படுத்தியது. பென்ட்ரிச் கிளர்ச்சிக்காக நவம்பரில் மூன்று பேர் டார்பியில் தூக்கிலேற்றப்பட்டார்கள். அந்த வருஷ வாசகன் கையில் 'ஸ்பை நோஸி'.

தெல்வால் கோல்ரிட்ஜ் அளவுக்குக் கவி அல்ல. சிறையில் எழுதி 1795ல் வெளியிட்ட அவருடைய கவிதைகளில் மேடைக்குரல் அதிகம். உள்ளடக்கத்துக்காக அவரை உயர்த்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவரிடமிருந்த 'பயோகிராஃபியா' பிரதி ஒன்று தப்பியிருக்கிறது. தான் ஒருகாலும் ஜேக்கபின் கட்சியில் இருந்ததில்லை என்கிற தோரணையில் கோல்ரிட்ஜ் பேசும் இடத்தில், ஓரத்தில் அவர் எழுதிவைத்திருக்கிறார்: இந்த மனிதர் அன்று ஜனநாயகத்துக்கும் அப்பால் போனவர், எல்லாரையும் சமமாக்க நினைத்தவர், எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.