குரலுக்கு அடியில் ஒரு நரம்பு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் மெக்சிக மரபினரின் இசையை டெஹானோ என்பர். ஜெர்மானியரும் செக் நாட்டாரும் குடியேறியபோது கொண்டுவந்த அக்கார்டியனும் போல்கா நடையும் ஸ்பானியப் பாட்டோடு கலந்ததில் உருவானது அது. அந்த இசையின் அண்மைக்கால வரலாற்றில் ஏ.பி. குயின்டனில்லாவின் பெயர் 'செலினாவின் அண்ணன்' என்னும் அடைமொழியோடுதான் பெரும்பாலும் வருகிறது. அடைமொழி பொய்யன்று, ஆயினும் அது ஆளைக் காட்டித் தொழிலை மறைத்துவிடுகிறது. பேஸ் கிட்டார் வாசித்தவர் இசைத்தட்டுத் தயாரிப்பாளராகி என்ன செய்தார் என்பதே நாம் இங்கே ஆராயப் புகும் பொருள்.

திரைப்படத்துக்குப் பணம் போடுபவரை நாம் தயாரிப்பாளர் என்கிறோம். இசைத்தட்டு உலகில் பொருள் வேறு. எந்தப் பாட்டை எடுப்பது, எந்தக் கருவி எங்கே ஒலிப்பது, எங்கே ஓய்வது என்றெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்தில் தீர்மானிப்பவரே அங்கே தயாரிப்பாளர். (கிட்டார் என்ற சொல்லும் கிரேக்கத்தில் பிறந்து, அரபியில் 'கீதாரா' ஆகி, அவ்வழியே ஸ்பானியத்துக்குப் போனது என்பர். சொற்கள் செய்யும் பயணம் மனிதர் செய்யும் பயணத்துக்குக் குறைந்ததன்று.)

குயின்டனில்லா 1963-இல் பிறந்தவர். தங்கை செலினா 1971-இல். தந்தை ஆபிரகாம் இளமையில் 'லாஸ் டினோஸ்' என்னும் குழுவில் பாடியவர். அவர் தொடங்கிய உணவகம் 1980-களின் தொடக்கத்துப் பொருளாதாரச் சரிவில் மூடப்பட்டது. பிள்ளைகளின் வாத்தியக் குழுவே குடும்பத்துக்குச் சோறு போட்டது. அண்ணன் பேஸ், இன்னொரு தங்கை சுசெட் முரசு, கடைக்குட்டி பாட்டு. வீட்டில் புழங்கிய மொழி ஆங்கிலம். மேடையில் பாட வேண்டிய ஸ்பானியத்தைச் செலினா முதலில் ஒலியாகவே மனனம் செய்தார். பொருள் பிறகுதான் வந்தது. பாட்டனாரின் மொழியைப் பேரப்பிள்ளைகள் ஓசையாக மட்டும் கற்கும் நிலை உலகெங்கும் உண்டு. அந்த ஓசைக்குள் உயிரைக் கொண்டுவரும் பொறுப்பு இருபது வயதை ஒட்டிய ஓர் அண்ணனின் தலையில் விழுந்தது.

1989-இல் இ.எம்.ஐ. லத்தீன் நிறுவனத்தோடு ஒப்பந்தமான பிறகும் தயாரிப்பு அவர் கையிலேயே இருந்தது. அவர் அருமையை அறிய, பீட் அஸ்டுடில்லோவுடன் சேர்ந்து அவர் எழுதி 1992-இல் வெளிவந்த 'கோமோ லா ஃப்ளோர்' ஒன்றே போதும். வாடிய மலர் போன்ற காதலைச் சொல்லி, பிரிந்தவனை வாழ்த்திவிட்டு விலகும் பாட்டு அது. கருத்து அழுகிறது, கும்பியா என்னும் கொலம்பிய நடையோ ஆடச் சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்பது எப்படி? பேஸைக் கவனித்துக் கேளுங்கள். அது ஓர் அடி வைக்கிறது, ஒதுங்குகிறது, மறுபடி அடி வைக்கிறது. ஒதுங்கிய இடத்தில் குரல் தனியே நிற்கிறது. தம் கருவியைக் காட்டிக்கொள்ளத் துடிக்கும் வாத்தியக்காரர் இப்படி இடம் விடமாட்டார்.

1994-இல் வந்த 'அமோர் புரோஹிபிடோ' தொகுப்பு இதற்கும் மேல். அதில் 'பிடி பிடி பாம் பாம்' என்றொரு பாட்டு. கடலில் களித்துத் திரியும் ஒரு மீனைப் பற்றி ஒத்திகையில் விளையாட்டாகப் பாடியது, பின்னர் காதல் பாட்டாக உருமாறியது என்பர். விளையாட்டில் பிறந்ததை விளையாட்டுக் குன்றாமல் பதிவு செய்திருக்கிறாரே, அதுவே தயாரிப்பாளரின் தேர்ச்சி. கிறிஸ் பெரெஸின் கிட்டாரைக்கூட அழுது சிணுங்கும் அளவோடு நிறுத்தியிருக்கிறார்.

1995 மார்ச் 31-இல் செலினா சுட்டுக் கொல்லப்பட்டார். வயது இருபத்து மூன்று. அவ்வாண்டு ஜூலையில் வெளியான 'டிரீமிங் ஆஃப் யூ' அமெரிக்கப் பட்டியலில் எடுத்த எடுப்பிலேயே முதலிடம் பிடித்தது. ஆனால் அதன் புதிய ஆங்கிலப் பாடல்களைப் பெரும்பாலும் பிற தயாரிப்பாளர்களே அமைத்தனர். அவை பளபளப்பானவை, அண்ணன் விட்டுவைக்கும் இடைவெளி அவற்றில் இல்லை.

பின்னர் அவர் அமைத்த 'கும்பியா கிங்ஸ்' 1999-இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. கும்பியாவோடு ஹிப்ஹாப் சேர்ந்த அந்த இசை எல்லை தாண்டி மெக்சிகோவிலும் ஓடியது. 2006-இல் பிரிந்து 'கும்பியா ஆல் ஸ்டார்ஸ்' தொடங்கினார். தாளம் குறைவற்றது. ஆயினும் பாடகர் மாறிக்கொண்டே இருக்கும் குழுவில் எந்தக் குரலுக்காக ஒதுங்குவது? இந்தப் பாட்டுகளில் அவர் ஒதுங்கவே இல்லை என்பதே நம் குறை.

இவற்றினும் நம்மை உறுத்துவது 2022-இல் வந்த 'மூன்சைல்ட் மிக்ஸஸ்'. பதின்மூன்று முதல் பதினாறு வயது வரை செலினா பாடிய பதிவுகளை எடுத்து, கணினியின் துணையால் குரலுக்கு வயது கூட்டி, புதிய வாத்தியங்களோடு குடும்பத்தார் வெளியிட்டனர். இசையமைத்தவர் அண்ணன்தாம். அன்பினால் செய்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. பண்டை அரபுக் கவிதையில் 'ராவி' என்போர் இருந்தனர். கவிஞரின் பாடல்களை நெஞ்சில் தாங்கி அடுத்த தலைமுறைக்கு ஓதித் தருபவர். அவர்களுள் ஹம்மாது என்பார் ஆயிரக்கணக்கான பாடல்களைக் காத்தவர். மறைந்தோர் பாடல்களில் தம் அடிகளையும் கலந்துவிட்டார் என்று அறிஞரின் கண்டனத்துக்கு ஆளானவரும் அவரே. அவருக்குக் கவிதை தெரியாமலில்லை. மிக நன்றாகத் தெரிந்ததால்தான், கலந்தது எது, காத்தது எது என்று பிறரால் பிரிக்க முடியவில்லை.

குயின்டனில்லாவின் நிலையும் அதுவே. அந்தக் குரல் எப்படி முதிர்ந்தது என்று அவரினும் அறிந்தவர் எவர்? ஆகவே அவர் செய்தது நம்பும்படி இருக்கிறது. நம்பும்படி இருப்பதே நமக்கு அச்சம் தருகிறது. 1984-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி, பொருள் முழுதும் விளங்காத மொழியில், தொண்டையை முழுதும் திறந்து பாடுகிறாள். குரல் மெல்லியது. அருகில் அண்ணனின் பேஸும் இன்னும் பக்குவப்படாமல் தடுமாறித்தான் ஒலிக்கிறது. நாம் அதையே மறுபடியும் கேட்கிறோம்.