பிழை பட்டில் ஏறுமுன்

ஜக்கார்டு தறியின் அட்டை ஒரு நிரல்தான். ஓட்டை இருந்தால் கொக்கி பாவு நூலைத் தூக்கும். இல்லாவிட்டால் நூல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். குறுக்கே ஓடும் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு வகுத்த இந்த முறையில்தான் காஞ்சிபுரத்துப் பட்டுப்புடவைக் கரையின் மயிலும் யாளியும் எழுகின்றன. இந்த நிரலை எழுதுவதைவிடத் திருத்துவதில்தான் கலை அதிகம் என்பது என் கட்சி.

முன்பு அடை முறையில் டிசைன் நூல்கட்டாகவே தறியில் இருந்தது. மாற்ற வேண்டுமானால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். அட்டை வந்ததும் டிசைன் தறியைவிட்டுக் கழன்றது. தப்பான அட்டையை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைக் கோத்துவிடலாம். ஆனால் அட்டையைப் பார்த்து மயிலைக் காண முடியாது. ஒரே கொக்கி பல பாவு நூல்களைத் தூக்குமிடத்தில், தவறிக் குத்திய ஓர் ஓட்டை வரிசை முழுவதையும் கெடுக்கும். அதுவும் நெய்த பிறகே கண்ணில் படும்.

கணினி டிசைன் மென்பொருள் சரிசெய்தது இந்த இடைவெளியைத்தான். பாவு, ஊடை நெருக்கத்தைச் சொல்லிவிட்டால் வட்டமான ருத்ராட்சம் முட்டையாக நீளுமா என்று திரையே காட்டுகிறது. பிடிப்பில்லாமல் நீளும் நூலையும் சுட்டுகிறது. தரவை வரைபடமாக்கும் வேகா-லைட்டின் இணையத் திருத்தியில் ஒருபுறம் நிரலும் மறுபுறம் படமும் நிற்பதன் பயனும் இதுவே: கை மாற்றியதைக் கண் உடனே சோதிக்கிறது.

திருத்துவது சுலபமானால் கவனம் தளரும் என்பார்கள். தளரலாம், ஆனால் முன்பிருந்த கவனத்தில் பெரும்பங்கு கட்டம் எண்ணுவதிலேயே கழிந்தது. எண்ணுவதைக் கணினி ஏற்றால், கரைக்கும் உடலுக்கும் எடுப்பு பொருந்துகிறதா என்று யோசிக்க மனம் மிஞ்சும். திரையில் சரிகையின் மினுக்கம் தெரியாதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. அது உண்மை, ஆகவே மாதிரி நெய்து பார்ப்பதைக் கைவிட முடியாது. கைத்திறன் போய்விடும் என்ற அச்சத்துக்குக் கோர்வையே பதில். உடலும் இரு கரைகளும் இணையும் ஒவ்வோர் ஊடையிலும் ஊடை நூல் தாங்கும் மூன்று நாடாக்களைக் கைதான் ஓட்டுகிறது. அங்கே நேர்ந்த பிழையை எந்த மென்பொருளும் திருத்தாது. நெய்ததைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். மிச்சமான கவனம் செல்ல வேண்டிய இடமும் அதுதான்.